உகாண்டாவுக்குச் சுகாதார ஊழியம் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் திருச்சபைச் சேகரத்திலிருந்து இரண்டு முறை உகாண்டாவுக்குப் போய், முகோனோ பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தோம். அடுத்து போகிற பிள்ளைகள் எல்லாரும் "சிஸ்டர், என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை நான் அழகான சார்ட்டுகள் கொண்டுபோனேன். திறந்த குழாய், வெள்ளைத் தொட்டி, நுரை நிறைந்த கைகள். நான் பேசி முடித்ததும் ஒரு பாட்டி எழுந்து, "எங்கள் வீட்டில் எட்டுப் பேர். நீ சொல்கிறபடி கழுவினால் தண்ணீர் யார் சுமப்பது?" என்று கேட்டார். அடிபம்பிலிருந்து இருபது லிட்டர் மஞ்சள் ஜெரிகேனைத் தலையில் சுமந்து வருவது அவருடைய பேத்தி. என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அங்குள்ள போதகருக்குக் கடிதம் எழுதுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு வீட்டுக்கு நாளைக்கு எத்தனை ஜெரிகேன், சோப்பு என்ன விலை, பள்ளிக் கழிப்பறைப் பக்கம் கை கழுவ இடம் உண்டா என்று கேளுங்கள். ஊரில் 'வி.எச்.டி.' என்கிற கிராம சுகாதாரத் தொண்டர்கள் இருப்பார்கள். அவர்கள் ஏற்கெனவே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 'எல்.சி. ஒன்' என்கிற ஊர்த்தலைவரிடம் அனுமதி வாங்கித் தரவும் போதகரிடமே சொல்லிவிடுங்கள்.

நாம் ஒன்றும் தெரியாத இடத்துக்குப் போகவில்லை. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம்தான் 1877இல் உகாண்டாவுக்கும் போனது. டாக்டர் ஆல்பர்ட் குக் 1897இல் தொடங்கிய மெங்கோ மருத்துவமனை இன்றும் நடக்கிறது. உகாண்டா மக்களுக்கு அவர்களுடைய நர்ஸுகள் இருக்கிறார்கள். மேடையில் அவர்கள் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பாட்டியின் கேள்விக்குப் பதிலை இரண்டாம் பயணத்துக்கு முன் என் வீட்டுப் பின்வாசலில் கற்றுக்கொண்டேன். அதற்கு 'டிப்பி டேப்' என்று பெயர். ஐந்து லிட்டர் ஜெரிகேனில் மூடிக்கு 12 செ.மீ. கீழே, சுட்ட ஆணியால் ஒரு துளை போடுங்கள். இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்குக் கம்பில் கேனை மாட்டுங்கள். கேனின் கழுத்திலிருந்து ஒரு கயிறு இறக்கி, தரையில் கிடக்கும் குச்சியில் கட்டுங்கள். குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும். காலை எடுத்தால் நின்றுவிடும். சோப்பில் துளையிட்டுப் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கவிடுங்கள். சோப்பு இல்லாத வீட்டில் சாம்பல் போதும், நம் ஆச்சிமார் கை கழுவியதும் அதில்தானே. புறப்படுமுன் நம் ஊரிலேயே மூன்று முறையாவது கட்டிப் பழகுங்கள். என் முதல் கம்பு அரைமணி நேரத்தில் சாய்ந்தது, ஒரு முழ ஆழம் தோண்டிய பிறகுதான் நின்றது.

உப்பு சர்க்கரைக் கரைசலையும் கையால் செய்து பழகுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அங்கே கிடைக்கிற அரை லிட்டர் பாட்டில் இரண்டை வைத்தே அளந்து காட்டுங்கள், அந்த அம்மாக்களையும் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

மத்தேயு 15ஆம் அதிகாரத்தையும் படித்துவிட்டுப் போங்கள். கை கழுவாமல் சாப்பிடுவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசுவே சொன்னாரே என்று ஒரு சபை மூப்பர் என்னிடம் கேட்டார், உண்மையாகவே கேட்டார். இயேசு பேசியது இருதயத்தின் தீட்டைப் பற்றி, நாம் பேசுவது குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பற்றி என்றேன். ஏற்றுக்கொண்டார். ஜெபத்துக்கு வந்தால்தான் சோப்பு என்று மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள். அந்த ஊர்களில் முஸ்லிம் வீடுகளும் உண்டு.

அங்கே பேசுகிற லுகாண்டா மொழியில் நாலு சொல்லாவது வேண்டும். அமாஸி என்றால் தண்ணீர், சப்பூனி என்றால் சோப்பு, வெபாலே என்றால் நன்றி. பெரியவர்களை ஆண் என்றால் செபோ, பெண் என்றால் ஞாபோ என்று கூப்பிடுங்கள்.

உங்கள் உடம்புக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2016 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும். அறுபது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். விக்டோரியா ஏரியில் கால் நனைக்காதீர்கள், நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோல் வழியே உடம்புக்குள் போய்விடும். கொசுவலைக்குள் தூங்குங்கள்.

மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்திருந்தால், ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் படுத்தான். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் பேச்சே "உகாண்டா போய்விட்டு வந்திருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும்.