சித்திக்குத் தைத்த ஏப்ரன்: பையைக் கடைசியில் வையுங்கள்

மதுரை செல்லூரில் என் சித்தி சாயங்காலம் 6 மணிக்கு இட்லிக் கடை போட்டால் நள்ளிரவு வரை அடுப்படியில்தான் நிற்பார். சில்லறை முந்தானை முடிச்சில், நோட்டு டப்பாவில், போன் இடுப்பில். ஒரு கை எப்போதும் மாவும் ஈரமுமாக இருக்கும். அவருக்குப் பை வைத்த ஏப்ரன் ஒன்று தைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, "கை நுழைய மாட்டேங்குதுடி, கழுத்து வேற இழுக்குது" என்று திருப்பித் தந்தார். பையின் ஒரு மூலையில் துணியே கிழிந்திருந்தது.

இரண்டாவது ஏப்ரனை எல்லாம் மாற்றித் தைத்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன். மிஷினில் நேர்கோட்டில் ஓட்டத் தெரிந்தால் போதும், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

வேண்டியவை

உடலுக்கு 44 இஞ்ச் அகலத்தில் கெட்டியான காட்டன் துணி 1 மீட்டர். கேஸ்மென்ட் துணி நன்றாக உழைக்கும். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். பளபளப்பைப் பார்த்துப் பாலியஸ்டர் கலந்ததை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அடுப்பின் தீ பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே நிற்பவருக்குக் காட்டன்தான்.

1 இஞ்ச் அகலக் காட்டன் நாடா மூன்றரை மீட்டர். துணி நிறத்தில் நூல். மிஷினுக்கு 16 நம்பர் ஊசி. மடிப்புகள் சேரும் இடத்தில் மெல்லிய ஊசி ஒடிந்துவிடும். இஞ்ச் டேப், சாக்பீஸ், கத்தரி, குண்டூசி எல்லாம் வழக்கம்போல.

பையின் வெளிப்பக்கத்துக்கு ஒரு பழைய சுங்குடிச் சேலையின் துண்டு எடுத்தேன். மெழுகு அச்சுப் போட்ட சாதாரணச் சேலை போதும். கையால் முடிச்சுப் போட்டு எடுத்த பழைய சுங்குடி வீட்டில் இருந்தால் அதில் கத்தரி வைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சைப் பிரித்து எடுத்த வேலை அது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்தக் கைவேலைதான் அடிப்படை.

நனைத்து, வெட்டுவது

புதுக் காட்டன் முதல் தண்ணீரில் சுருங்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, அயர்ன் செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சுங்குடித் துண்டைத் தனி வாளியில் ஊறப் போடுங்கள். தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசி எடுங்கள்.

உடல் துண்டு 34 இஞ்ச் உயரம், 28 இஞ்ச் அகலம். துணியின் கரை (நூல் பிரியாத நெய்த ஓரம்) ஏப்ரனின் உயரத்தோடு போக வேண்டும். வெட்டிய துண்டை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் ஓரத்தில், மடிப்பிலிருந்து 6 இஞ்சில் ஒரு குறி. திறந்த பக்க ஓரத்தில், மேலிருந்து 10 இஞ்ச் கீழே ஒரு குறி. இரண்டையும் லேசாக உள்வாங்கிய வளைவாகச் சேர்த்து வெட்டினால் கைக்குழி வந்துவிடும். வெட்டி விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேண்டும்.

மீதித் துணியில் பையின் உள்பக்கத்துக்கு 18 இஞ்சுக்கு 9 இஞ்ச் ஒரு துண்டு. சுங்குடியிலும் அதே அளவு ஒன்று.

ஓரம் அடிப்பது

முதலில் கைக்குழி வளைவுகள். கால் இஞ்ச் மடித்து, மறுபடி கால் இஞ்ச் மடித்துத் தையுங்கள். இங்கே துணி சாய்வாக வெட்டுப்பட்டிருப்பதால் இழுத்தால் நீளும். இழுக்காமல், மிஷின் எடுத்துக்கொள்ளும் வேகத்தில் விடுங்கள். அப்புறம் இரண்டு பக்கங்கள், கால் இஞ்சும் அரை இஞ்சுமாக. கீழ் ஓரமும் மேல் ஓரமும் அரை இஞ்சும் 1 இஞ்சுமாக. இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழும்படி வைத்தால் சரி.

நாடா

கழுத்தில் மாட்டும் வளையம் எனக்குப் பிடிக்கவில்லை. பையில் சில்லறை சேரச் சேர அந்தக் கனம் முழுவதும் பிடரியில் தொங்கும். தலை வழியாக மாட்டும்போது கொண்டையில் வைத்த மல்லிகையும் கசங்கும். அதனால் முதுகில் குறுக்கே போகும் நாடா வைத்தேன்.

நாடாவில் 60 இஞ்ச் நீளத்தில் இரண்டு, 4 இஞ்சில் இரண்டு வெட்டுங்கள். நீள நாடாவின் ஒரு முனையை மார்புப் பகுதியின் மேல் மூலையில் உள்பக்கம் 1 இஞ்ச் வைத்து, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறி போல ஓட்டுங்கள். மற்ற மூலையிலும் அப்படியே. 4 இஞ்ச் துண்டுகளை இரண்டாக மடித்து, கைக்குழி முடிகிற இடுப்பு மூலைகளில் வளையமாகத் தையுங்கள்.

கட்டும்போது இடது தோள் நாடா முதுகில் குறுக்கே இறங்கி வலது இடுப்பு வளையத்துக்குள் நுழையும். வலது தோள் நாடா இடது வளையத்துக்கு. இரண்டு முனைகளையும் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். கனம் இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும்.

இனி பை

பலரும் துணியைத் தரையில் விரித்து, டேப் வைத்து, பையை முதலிலேயே தைத்துவிடுவார்கள். நானும் முதல் ஏப்ரனில் அப்படித்தான் செய்தேன். பை மிகவும் கீழே போய், சித்தி ஒவ்வொரு முறையும் குனிந்து சில்லறை எடுத்தார். ஏப்ரனை ஆளுக்குக் கட்டிப் பார்த்த பிறகுதான் பை இருக்கும் இடம் தெரியும்.

பையை இப்படித் தயார் செய்யுங்கள். சுங்குடியும் கெட்டித் துணியும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, சுற்றிலும் அரை இஞ்ச் உள்ளே தைக்க வேண்டும். கீழ்ப்பக்கம் நடுவில் 3 இஞ்ச் தைக்காமல் விடுங்கள். நான்கு மூலைகளிலும் தையலைத் தொடாமல் முனையை நறுக்கி, அந்த இடைவெளி வழியாகத் திருப்பி எடுத்து அயர்ன் செய்யுங்கள். 17 இஞ்சுக்கு 8 இஞ்சில் சுத்தமான பை கிடைக்கும். வாய்ப்பக்கத்தில் அரை இஞ்ச் உள்ளே ஒரு தையல் ஓட்டுங்கள்.

இப்போது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையை லேசாக மடக்கி, பணம் எடுப்பதுபோல் வயிற்றுப் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். விரல் நுனி தொடும் இடம் பையின் அடிப்பக்கம். அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். சித்திக்கு இடுப்பு வளையத்திலிருந்து 4 இஞ்ச் கீழே பையின் வாய் வந்தது.

பையின் அகலம் 17 இஞ்ச், ஆனால் ஏப்ரனில் அதற்கு 15 இஞ்சுதான் குறிக்க வேண்டும். தட்டையாக ஒட்டிய பையில் ஈரக் கை நுழையாது. அந்த 2 இஞ்ச் தளர்வுதான் கைக்கு இடம் கொடுக்கிறது. 15 இஞ்சை 9, 6 என்று பிரியுங்கள். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் 9 இஞ்ச், பணத்துக்கு. இடப்பக்கம் 6, போனுக்கு. பைத்துணியிலும் 10, 7 என்று கோடு போட்டு, இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி குண்டூசி குத்துங்கள். ஒவ்வொரு அறையிலும் மிஞ்சும் 1 இஞ்சை அடிப்பக்கத்தில் ஒரு சிறு மடிப்பாக அமுக்கிவிடுங்கள்.

தைப்பதற்கு முன் வெட்டி வைத்த துண்டுகளிலிருந்து 2 இஞ்ச் சதுரமாக மூன்று எடுங்கள். பையின் இரண்டு மேல் மூலைகளுக்கும் நடுக்கோட்டின் மேல் முனைக்கும் நேராக ஏப்ரனின் உள்பக்கத்தில் வையுங்கள். சில்லறைக் கனம் இழுப்பது அந்த மூன்று இடங்களைத்தான். அங்கே நூல் விட்டுப்போகாது, துணிதான் கிழியும். எத்தனை தையல் கூட்டினாலும் பின்னால் துணி இல்லாவிட்டால் பயனில்லை.

ஒரு மேல் மூலையில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, அடிப்பக்கம் போய், மறுபக்கம் ஏறுங்கள். திருப்புவதற்காக விட்ட இடைவெளியும் இதில் மூடிவிடும். மேல் மூலைகளில் அரை இஞ்ச் முக்கோணமாக ஓட்டுங்கள். முன்பு மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தார்களே, அங்கே ஒரு தையல்காரர் மஞ்சள் பைக்குக் காது வைக்கும்போது இந்த முக்கோணத்தைப் போடுவதைச் சிறுவயதில் பார்த்தேன். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தத் தையல் எனக்கு மறக்கவில்லை. கடைசியில் நடுக்கோடு, கீழிருந்து மேலாக ஓட்டி முனையில் இரண்டு முறை முன்னும் பின்னும். கனமான இடங்களில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கொடுப்பதற்கு முன் இரண்டு அறையிலும் ஒரு கைப்பிடி சில்லறை போட்டு, கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். காசு வெளியே சரிந்தால் பையின் வாய் தொய்கிறது என்று அர்த்தம். வாயின் நடுவே ஒரு அழுத்துப் பொத்தான் வைத்தால் நின்றுவிடும். சித்திக்கு அது தேவைப்படவில்லை. ஒன்று துவைக்கப் போனால் மாற்றிக்கட்ட இன்னொன்று வேண்டும் என்று, அடுத்த சுங்குடிச் சேலையை அவரே எடுத்து வைத்திருக்கிறார்.