கரீபியன் தீவுத் தச்சரின் பூர்வீகத்தை நாகர்கோவிலிலிருந்து தேடுவது எப்படி?

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவுகளான குவாதலூப்பிலோ மார்த்தினிக்கிலோ மஹோகனி மரத்தில் கட்டிலும் அலமாரியும் செய்யும் ஒருவர், தம் முன்னோர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டதாக எழுதி, சொந்தபந்தங்களைக் கண்டுபிடிக்க நம் உதவியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலை வைத்து நேரே ஆசாரிமார் தெருவுக்குப் போய் விசாரிக்கத்தான் நமக்குத் தோன்றும். அதை முதலில் செய்யாதீர்கள். அத்தீவுகளுக்கு ஆள் சேர்த்தது கரும்புத் தோட்ட வேலைக்காக. வந்தவர் உழவரா, நெசவாளரா, பனையேறியா என்று தோட்ட முதலாளி பார்க்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவரோ, அவருடைய மகனோ, பேரனோ ஏதேனும் ஒரு பட்டறையில் தச்சு வேலை கற்றிருக்கலாம். உளி எந்தத் தலைமுறையில் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது என்று தெரியாமல் சாதியையும் தெருவையும் முடிவு செய்தால், யாருடைய குடும்பத்தையோ அவர் தலையில் கட்டிவிடுவோம்.

தேடலைத் தீவிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த வேலையை அவரைக்கொண்டே செய்விக்க வேண்டும். தம் பிறப்புச் சான்றில் தொடங்கி, தந்தையின் திருமணப் பதிவு, பாட்டனாரின் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொரு தலைமுறையாக அவர் பின்னோக்கிச் செல்லட்டும். இரு தீவுகளின் 19ஆம் நூற்றாண்டுக் குடிமைப் பதிவுகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நிலப்பகுதிகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இந்தியத் தொழிலாளர் ஒருவருக்குக் குழந்தை பிறந்தாலோ, அவர் இறந்தாலோ எழுதப்பட்ட பதிவில், பெயருடன் அவருடைய குடியேற்ற எண்ணும் பல இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்தான் இந்தத் தேடலின் திறவுகோல். அதைக் கொண்டு குடியேறியோர் பதிவேட்டில் கப்பலின் பெயர், வந்த நாள், வயது, பெற்றோர் பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றைத் தேடலாம். இவ்விரு தீவுகளுக்கும் இந்தியர்களை ஏற்றிவந்த முதல் கப்பலான ஒரேலி மார்த்தினிக்கை 1853இலும் குவாதலூப்பை 1854இலும் அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் தேட வேண்டிய தேவையில்லை. டிரினிடாடு, கயானா போன்ற ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளானால் குடியேற்றச் சீட்டைத் தேட வேண்டும். அதில் தகப்பனார் பெயர், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உயரமும் உடலிலிருந்த தழும்பும்கூட எழுதப்பட்டிருக்கும்.

பெயரைப் படிக்கும்போது பொறுமை தேவை. ஒற்றைப் பெயருடன் போய் இறங்கியவரின் பெயரே அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. ஆகையால் முத்துசாமி, வீரப்பன், சிதம்பரம் போன்ற பெயர்கள் அங்கே பிரெஞ்சு உச்சரிப்பில் உருமாறிக் குடும்பப்பெயர்களாக நிற்கின்றன. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரத்தின் பெயரும் அப்படி வந்ததே. அந்தப் பெயரில் ஒரு குடும்பத்தை நாகர்கோவிலில் தேடுவது வீண். நாம் தேட வேண்டியது அந்தப் பெயருடைய ஒரு மனிதரையும் அவருடைய தகப்பனாரையுமே.

ஊர்ப் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்து உருவானது. அதற்கு முன்பு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. எனவே பழைய பதிவில் திருவிதாங்கூர் என்றிருந்தால் மட்டும் நம் மாவட்டம் என்று கொள்ள முடியாது. செங்கோட்டையும் நெய்யாற்றின்கரையும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. மலபார் என்றிருந்தால் கேரளத்தின் மலபார் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியர் தமிழரையே நெடுங்காலம் அப்படித்தான் அழைத்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் என்றிருந்தால் அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாமே தவிர, பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை.

தாலுகாவோ கிராமமோ உறுதியானபின் நம்முடைய வேலை தொடங்குகிறது. சாதிக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று எழுதியிருந்தால் தேடல் ஓரளவு எளிது. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் கோயில் கட்டியது முதல் லண்டன் மிஷன் சபைகள் இப்பகுதியில் வளர்ந்தன. கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகள் அவற்றினும் பழமையானவை. அந்தந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க ஆயரிடமோ, பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். நிலம் வைத்திருந்த குடும்பமானால் பழைய பத்திரங்களையும் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக்காப்பகத்தையும் நாடலாம். இவற்றில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1050 என்பது 1874 ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டு. பல பத்திரங்கள் மலையாளத்தில் இருப்பதால், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

நிலமோ பத்திரமோ இல்லாத ஏழைக் குடும்பங்களே பெரும்பாலும் கப்பலேறின. அவர்களுக்குக் காகிதத்தைவிடக் குலதெய்வமே வழிகாட்டும் என்பது என் உறுதியான எண்ணம். தம் வீட்டில் எந்தத் தெய்வத்துக்குப் படையல் இட்டார்கள் என்று அந்தத் தச்சரிடம் கேளுங்கள். மாரியம்மனும் மதுரைவீரனும் அத்தீவுகளில் பரவலாக வழிபடப்படும் தெய்வங்கள் என்பதால் அவற்றை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. இசக்கி, முத்தாரம்மன், சுடலைமாடன் போன்ற பெயரின் சாயல் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது தென்கோடியைக் காட்டும் அடையாளம். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் தத்தம் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்வார்கள். பொங்கல் பானையைச் சுற்றி நாலு தலைமுறையும் உட்கார்ந்திருக்கும். பதிவில் கண்ட கிராமத்தார் கூடும் சாஸ்தாவை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, அன்று அங்கே போய் வயதான பெண்களிடம் பேசுங்கள். "உங்க குடும்பத்தில யாராவது கப்பலுக்குப் போயி திரும்பாமப் போனதுண்டா, அம்மா?" என்று கேட்டால் போதும். தச்சர் சொன்ன பெயரை முதலில் நீங்கள் வாய்விடாதீர்கள். நீங்கள் சொன்ன பெயருக்கு அவர்கள் தலையசைப்பது சான்றாகாது, அவர்களே சொல்லும் பெயர்தான் சான்று. இலங்கை மலையகத்துக்குப் போனவர்களின் கதையும் இதே போல இருக்கும் என்பதால், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று கிளறிக் கேளுங்கள்.

பெயர், தகப்பனார் பெயர், கிராமம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே உறவு என்று எழுதுங்கள். இரண்டு ஒத்தால் வாய்ப்பு உண்டு என்றும், ஒன்று மட்டும் ஒத்தால் குறிப்பு என்றும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, எந்த ஏட்டின் எந்தப் பக்கம் என்று சேர்த்து அனுப்புங்கள். இங்குள்ள குடும்பத்தாரின் முகவரியையும் படத்தையும் அவர்கள் சம்மதம் பெறாமல் அனுப்பக் கூடாது. சொத்துக்காகத் தேடுகிறார்களோ என்ற அச்சம் நம் ஊரில் இயல்பாகவே எழும் என்பதால், தச்சரே ஒரு குரல்பதிவில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, தாம் தேடுவது உறவை மட்டுமே என்று சொல்லும்படி முன்னதாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.