உறைபனிக்குப் பிறகும் துளிர்க்கும் ஃபியூஷியா

ஜிமிக்கி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பூவில் மயங்கி, கண்ணில் பட்ட ஃபியூஷியாவை வாங்கித் தரையில் நட்டுவிடாதீர்கள். தொங்கு கூடைகளில் விற்கும் பெரிய அடுக்குப்பூ ரகங்கள் பலவும் பிரிட்டன் குளிருக்கு வெளியில் பிழைக்காது. தரையில் நட ஏற்றவை, சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியில் வளரும் மெகல்லானிகா இனமும் குளிர் தாங்கும் கலப்பு ரகங்களும்தான். 'ரிக்கார்ட்டோனி', 'மிஸஸ் பாப்பிள்', முழங்கால் உயரம்கூட எட்டாத 'டாம் தம்ப்', வெள்ளைப் பூ 'ஹாக்ஸ்ஹெட்' ஆகியவற்றை நம்பி வாங்கலாம்.

இந்தச் செடி அந்தந்த ஆண்டுத் துளிரில்தான் பூக்கும். அதனால் மேல்தண்டு முழுக்கக் கருகினாலும் நஷ்டமில்லை. மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை பிழைத்தால் போதும். செய்வதெல்லாம் அதைக் காப்பாற்றத்தான்.

நடுவதற்கு மே கடைசி அல்லது ஜூன் நல்ல நேரம். செப்டம்பரில் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நட்டால், வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடும். குழியை ஆழமாக எடுங்கள். தொட்டி மண்ணின் மேற்பரப்பு தரைமட்டத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தண்டு இன்னும் பச்சையாக, இளசாக இருந்தால் ஒரேயடியாக மூடாமல், அது முற்ற முற்றக் கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மண் அணைக்கலாம். புதைந்த கணுக்களிலிருந்துதான் அடுத்த ஆண்டு துளிர் வரும். களிமண்ணாக இருந்தால் இலைமக்கும் பருமணலும் பரவலாகக் கலந்து, பாத்தியைச் சற்று உயர்த்துங்கள். குளிரைவிட, குளிரில் தேங்கும் தண்ணீர்தான் அடிக்கட்டையை அழுகவைக்கும்.

கோடையில் தக்காளிக்கு ஊற்றும் பொட்டாஷ் உரம் போதும். ஆகஸ்ட் கடைசியில் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் வரும் இளந்துளிர் பனிக்குத்தான் இரை.

இலையுதிர்காலத்தில் கத்தரியை எடுக்கவே எடுக்காதீர்கள். காய்ந்த குச்சிகள் அடிக்கட்டைக்குக் கூரை போல நின்று பனியைத் தடுக்கும். நவம்பரில் அடியைச் சுற்றி 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மரப்பட்டைத் தூளோ இலைமக்கோ குவியுங்கள்.

வசந்தத்தில் தேவை பொறுமை. பக்கத்துச் செடிகளெல்லாம் பச்சை கட்டியிருக்க, இது மட்டும் செத்த குச்சியாக நிற்கும். ஏப்ரலிலேயே பிடுங்கி எறிந்த செடிகளில் பாதி உயிரோடிருந்தவையாகத்தான் இருக்கும்! ஜூன் பாதி வரை விட்டுவையுங்கள். அடியில் சிவந்த முளை தெரிந்ததும், காய்ந்த தண்டை அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். மே மாதத்தில் திடீர்ப் பனி அறிவித்தால் இரவில் மெல்லிய தோட்டத்துணி போர்த்துங்கள்.

நல்ல ஈரத்திலும் செடி திடீரென வாடினால் வேரைத் தோண்டிப் பாருங்கள். பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் வெளிர்புழு, கூன்வண்டின் பிள்ளை. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, மண்ணில் சூடு இருக்கும்போது, இந்தப் புழுவைக் கொல்வதற்கென விற்கும் நூற்புழுவை (nematode) தண்ணீரில் கலந்து ஊற்றினால் அடங்கும். நுனி வீங்கி, சிவந்து, இலை சுருண்டிருந்தால் அது ஃபியூஷியாவைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத முடிச்சுப்பேன் (gall mite). இங்கிலாந்தில் 2007-இல் முதலில் காணப்பட்டது. வீட்டுத் தோட்ட மருந்து எதற்கும் மசியாது. அந்தப் பகுதியை வெட்டி எரித்துவிடுங்கள், மக்குக்குழியில் போடாதீர்கள்.

முதல் குளிர்காலத்துக்கு ஒரு காப்பு: ஆகஸ்டில் பூவில்லாத நுனியில் 8 செ.மீ. நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, ஈர மக்கில் செருகுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர்விடும். பனி படாத ஜன்னலோரத்தில் வைத்து, மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.