அண்டி ஆபீசில் யாரும் வாய் திறப்பதில்லையா? மேற்பார்வையாளர்கள் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல், அருமனை வட்டாரத்தில் முந்திரி ஆலை என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் வழி சொல்வார்கள். அண்டி ஆபீஸ் என்றால் கை தானாக நீளும். அங்கே தல்லி எடுத்த, அதாவது ஓட்டை உடைத்து எடுத்த பருப்பு, போர்மா என்ற சூட்டறையில் ஏறத்தாழ 70 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் காயும். காய்ச்சல் போதாவிட்டால் தொலி விடாது, கத்தியால் சுரண்ட வேண்டிவரும். கூடிவிட்டால் பருப்பு மொரமொரத்து, விரல் பட்டதும் பிளக்கும். டபிள்யூ 320 ரகமாக, அதாவது ஒரு பவுண்டுக்கு (454 கிராம்) 300 முதல் 320 முழுப் பருப்பாகப் போகவேண்டிய சரக்கு பிளவுக் கணக்கில் விழும். விலையும் கூடவே விழும்.

இந்தக் கோளாறு முதலில் தெரிவது தொலி உரிக்கிறவரின் விரலுக்கு. காலை முதல் தட்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஆபீசுக்குத் தெரிவது மத்தியானம் எடை போடும்போது. இடைப்பட்ட நாலு மணி நேரம் ஏன் ஒருவரும் பேசவில்லை? உளவியல் பாதுகாப்பு என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான்: தப்பைச் சொன்னாலும், சந்தேகம் கேட்டாலும், தெரியாது என்று ஒத்துக்கொண்டாலும் தலை உருளாது என்று அங்கே வேலை செய்கிற எல்லாரும் நம்புவது. பேசாதவர்களைக் கூச்ச சுபாவம் என்று தள்ளிவிடுகிறோமே, அதுதான் முதல் பிசகு. கூச்சம் இல்லை, கணக்கு. போன தடவை வாய் திறந்தவளுக்கு என்ன கிடைத்தது என்பது அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

முதல் பத்து நொடி

“சாரே, இன்னைக்கு பருப்பு ஒரேயடியா ஒடியுது.”

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. “மத்தவளுவளுக்கு ஒடியலியே, உனக்கு மட்டும் என்ன?” என்பது ஒன்று. “நேத்து போர்மா பாத்தது யாரு?” என்பது இன்னொன்று. முதலாவது அவளையே குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவதை நல்ல எண்ணத்தில் கேட்டாலும், அவள் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுகிறாள். போர்மாக்காரர் அவளுடைய ஊர்க்காரராக இருப்பார். ஒரே வேனில் வீட்டுக்குப் போகவேண்டும். அடுத்த முறை அவள் எழுந்து வரமாட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வரமாட்டார்கள்.

செய்யவேண்டிய வரிசை வேறு. அவளை மேசைக்கு வரவழைக்காமல் நீங்கள் அவள் தட்டுக்குப் போங்கள். “எந்தத் தட்டுல இருந்து இப்படி? எத்தன மணிக்குத் தொடங்கிச்சு?” என்று மட்டும் கேளுங்கள், ‘யார்’ என்ற சொல் அப்போது வேண்டாம். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து நீங்களே உரித்துப் பாருங்கள். அங்கேயும் ஒடிந்தால் அந்த ஈடு முழுவதையும் நிறுத்தி வையுங்கள். “சொன்னது நல்லதாப் போச்சு” என்ற ஒரு வரி போதும். கூட்டத்தின் முன்னால் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் அதுவே அவளுக்கு வினை. போர்மாக்காரரிடம் பிறகு, தனியாகப் பேசுங்கள்: எத்தனை மணிக்கு ஏற்றினார், எப்போது இறக்கினார், வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா. பல நேரம் குற்றவாளி அந்த வெப்பமானிதான்.

இதில் எல்லாரும் தாண்டிப் போகிற இடம் கூலி. கிலோக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் எழுந்து வந்து பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவர் மடியிலிருந்து போகிறது. ஒடிந்த பருப்பு அவர் எடையில் குறைந்தால் இரட்டை நட்டம். கோளாறான தட்டை அவர் கணக்கிலிருந்து நீக்கி, நிறுத்திவைத்த நேரத்துக்கு அவருடைய வழக்கமான சராசரியைப் போட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று நடத்தும் எந்த வகுப்பும் காசுக்குப் பிடித்த கேடு.

சிரித்த முகத்தோடு செய்பவை

“ஏதாவது குறை இருக்கா பிள்ளைகளே?” என்று பொதுவாகக் கேட்பது வீண். “ஒண்ணுமில்ல சாரே” என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு எந்தத் தட்டு மோசம்?” என்று குறுக்கிக் கேட்டால் விரல் நீட்ட எளிது. சிசிடிவிக்குக் கீழே புகார்ப் பெட்டி வைப்பது பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

“நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்ற பேச்சில்தான் ஆபத்து அதிகம். அண்ணன், சேச்சி என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம், நல்லதும்கூட. ஆனால் குடும்பத்தில் அண்ணனை எதிர்த்து யார் புகார் சொல்வார்கள்? அத்துமீறிப் பேசினான், தொட்டான் என்று ஒரு பெண் சொல்லும்போது “நமக்குள்ளயே பேசி முடிச்சுருவோம்” என்பது சட்டத்துக்கே விரோதம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும். 10 பேருக்குக் குறைவென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சமரசம் பேசுவதென்றால் அந்தப் பெண்ணாகக் கேட்கவேண்டும். அதிலும் பணம் கொடுத்துத் தீர்ப்பதற்கு இடமில்லை.

பொறுமைப் பாடம் யாருக்கு?

உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் சாலவே, மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வரையறுத்தார்கள்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, இது இன்னது என்று பிரித்தறிந்து, அதை வைத்து யோசித்து நடப்பது. நம் ஊரில் இது ‘பொறுமையா இருங்க’ என்று சுருங்கி, கீழே இருப்பவர்களுக்கு மட்டும் பாடமாகிறது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு வாடிக்கையாளரிடம் சிரிக்கப் பயிற்சி கொடுப்பார்கள், உட்கார ஸ்டூல் போடமாட்டார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தாயிற்று.

முதலில் பழகவேண்டியவர் மேசைக்குப் பின்னால் இருப்பவர். சத்தம் போட வாயெடுக்கும்போது உள்ளே இருப்பது கோபமா, பயமா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். லோடு நாளை போகவேண்டும் என்ற பதற்றம்தான் பாதி நாள் கோபமாக வெளியே வருகிறது. “நாளைக்கு லோடு போகணும், எனக்குப் பதட்டமா இருக்கு. காலையில சத்தம் கூடிப் போச்சு” என்று அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்லலாம். திட்டியது எடை போடுகிற இடத்தில், வருத்தம் தெரிவித்தது தனியறையில் என்றால் அது செல்லாது.

கண்டிப்பு போய்விடுமே என்று சிலர் அஞ்சுவார்கள். தரத்தில் ஒரு இம்மிகூட விடவேண்டாம். பேசியதற்குத் தண்டனை இல்லை என்பதற்குப் பொருள், வேலை எப்படியும் இருக்கலாம் என்பதல்ல.

புகாரே வரவில்லை என்று மகிழ்வதும் தவறுதான். அமெரிக்க ஆய்வாளர் ஆமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை எண்ணியபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் கூடுதலாக இருந்தன. அவர்கள் மறைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதிய கட்டுரை உளவியல் பாதுகாப்பு பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படையானது.

ஆகவே எடை போடுகிற இடத்தில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். தேதி, என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று மூன்று கட்டம்; பெயர்க் கட்டம் வேண்டாம். எழுத விரும்பாதவர் வாயால் சொல்ல, மேற்பார்வையாளர் எழுதலாம். முதல் மாதம் பக்கம் வேகமாக நிரம்பும். மூன்றாவது கட்டம் ஒரு வாரத்துக்கு மேல் வெறுமனே கிடந்தால், அதன்பிறகு அந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள்.