டெக்சாஸில் மறைத்துக் கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம்: பலர் சறுக்கும் இடங்கள்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம். அதைக் கேட்டதும் "இனி வகுப்பு எதற்கு, உரிமம் எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

பள்ளி வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இல்லாதவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பள்ளி வழியாகக் கார் ஓட்டிப் போனாலே வழக்குக்கு இடம் இருக்கிறது. ஹூஸ்டன், டல்லாஸ் புறநகர்களில் 1,000 அடிக்குள் ஒரு பள்ளியாவது வராத பாதை அரிது. எல்.டி.சி. எனப்படும் மாநில உரிமம் எடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது தவறு நம்மவர்களிடம் அதிகம். இதைவிடப் பெரியது வேறில்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றம் சாராத எந்த விசாவில் வந்தவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கிப் பத்துத் தோட்டா சுட்டாலும் அது வைத்திருந்ததாகவே கணக்கு. ஊரிலிருந்து வந்த அப்பாவை வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துப் பகிர்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. பலரும் பயன்படுத்துவது, ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் தந்த, நடப்பில் உள்ள வேட்டை உரிமம். ஆனால் டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 அன்று வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே குற்றமாகிறது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது, கிரீன் கார்டு வைத்திருப்பதற்கு ஈடாகாது. கார்டு கையில் இருப்பவருக்கும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் நாடு கடத்த அதுவே காரணமாகலாம். குடியுரிமை இல்லாதவர்கள் வகுப்பில் சேருமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சுடுதளக் கவுன்ட்டரில் கிடைக்கும் பதிலை நம்பி இறங்காதீர்கள்.

விண்ணப்பம் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில். கட்டணம் 40 டாலர், அதன்பின் கைரேகை, பயிற்சிச் சான்றிதழ். ஓட்டுநர் உரிமத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுங்கள். முதலெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால் ஆவணங்கள் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் இழுபடும். பழைய வழக்குகளை மறைப்பது இன்னும் மோசம். தண்டனை அறிவிக்காமல் நன்னடத்தையில் விட்ட வழக்கையும் உரிமச் சட்டம் பெரும்பாலும் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகூட ஐந்தாண்டு தடை. முக்கிய விவரத்தை மறைத்தாலே தகுதி போய்விடும்.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், எழுத்துத் தேர்வில் 70 சதவீதம். வகுப்பை இணையத்திலேயே முடிக்கலாம். சுடும் தேர்வுக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் நேரில் போயாக வேண்டும். மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 5 புள்ளி. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. முதல் இரண்டு தூரத்திலேயே 200 புள்ளி இருப்பதால், 15 கஜத்தில் பத்தும் வீணானாலும் தேறிவிடலாம்.

இவ்வளவு எளிய தேர்விலும் தவறுபவர்கள் உண்டு. சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கியை அன்றுதான் முதல்முறை எடுத்து வருவார்கள். பிடி சிறியது, உதைப்பு அதிகம். மணிக்கட்டு தளர்ந்தால், சுடும்போது பின்னே நகரும் மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். 2017-லிருந்து குறைந்தபட்சக் காலிபர் (குண்டின் விட்ட அளவு) நிபந்தனை இல்லாததால் சிறிய அளவான .22-ஐக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். அதில் உதைப்பு குறைவு, ஆனால் வெடிக்காத தோட்டா அதிகம். நடுத்தர அளவு 9 மி.மீ. துப்பாக்கி, 50-க்கு மேல் கொஞ்சம் கூடுதல் தோட்டா என்று போவது நல்லது. சிக்கினால் துப்பாக்கியோடு பயிற்சியாளர் பக்கம் திரும்பாதீர்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்க, விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துவிட்டு, மற்றக் கையை உயர்த்துங்கள். திரும்பினால் பக்கத்தில் நிற்பவரை நோக்கிக் குழல் போகும். அத்தோடு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உறையிலிருந்து துப்பாக்கியை உருவுவதை இந்தத் தேர்வு சோதிப்பதில்லை. மறைத்து வைத்திருப்பவருக்கோ அதுதான் அன்றாட ஆபத்து. திரும்பச் செருகும்போது டி-ஷர்ட்டின் ஓரம் ட்ரிக்கர் வளையத்துக்குள் மாட்டித் தன் தொடையிலேயே சுட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ட்ரிக்கரை முழுதும் மூடும் விறைப்பான உறை வாங்குங்கள். வீட்டில், துப்பாக்கியை முற்றிலும் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மெதுவாகப் பழகுங்கள். கைப்பையில் சாவியோடும் பேனாவோடும் போட்டு எடுத்துப் போவதை அடியோடு நிறுத்துங்கள்.

உரிமம் வந்த பிறகு நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இடம் சார்ந்தவை. வாசலில் பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்றிருந்தால், அங்கே வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே உரிமம் செல்லாது. உள்ளே கொண்டுபோனால் பெருங்குற்றம். 30.06 எண்ணுள்ள பலகை, உரிமம் இருந்தாலும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது என்கிறது, 30.07 பலகை வெளியே தெரியக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. உரிமையாளர் வாயால் சொன்னாலும் போதும், உடனே வெளியேற வேண்டும். விமான நிலையத்தில் பழக்கதோஷம் மாட்டிவிடுகிறது: 2024-ல் நாடு முழுதும் சோதனைச் சாவடிகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை தோட்டா நிரப்பியவை. துப்பாக்கிப் பையையும் பயணப் பையையும் ஒன்றாக்காதீர்கள்.

போலீஸ் நிறுத்தி அடையாளம் கேட்டால், துப்பாக்கி உடன் இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு எல்.டி.சி.யையும் காட்ட வேண்டும். இரு கைகளும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், தொட்டுக் காட்டாதீர்கள். முகவரி மாறினால் 30 நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஓக்லஹோமாவும் லூசியானாவும் இந்த உரிமத்தை ஏற்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்பதில்லை. நியூயார்க்கில் அந்த மாநில உரிமம் பெற 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் தேவை. மாநில எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும், போகும் மாநிலம் மட்டுமல்லாமல் வழியில் வரும் மாநிலங்களின் விதிகளையும் அந்தந்த அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.