கூசி கோட்டை: இடிபாட்டைக் காக்கப் போய்க் கெடுக்கும் தவறுகள்

வட பிரான்சில் உள்ள கூசி கோட்டையின் நடுக்கோபுரம் ஒரு காலத்தில் சுமார் 54 மீட்டர் உயரமும் 31 மீட்டர் விட்டமும் கொண்டிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கூசியின் பிரபு மூன்றாம் ஆங்கெராங் கட்டியது அது. 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மன் படை 28 டன் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தது. மிஞ்சிய மதில்களுக்கு இன்று முதல் எதிரி தண்ணீர். அடுத்த எதிரி, ஆர்வக்கோளாறில் செய்யும் பழுதுபார்ப்பு.

அதில் மிக மோசமானது சிமென்ட். இத்தகைய மதிலின் இரு முகங்களிலும் செதுக்கிய சுண்ணாம்புக்கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இருக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் கல் இடுக்குகளில் உள்ள சாந்து வழியாகத்தான் உலர்ந்து வெளியேற வேண்டும். அந்த இடுக்கை சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள் தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சில ஆண்டுகளில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, சுற்றிலும் கல் குழிந்துபோயிருக்கும்.

இங்கே வேண்டியது நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு. மென்கல்லுக்கு வலிமை எண் (கூடக் கூடச் சாந்து கடினமாகும்) 2 அல்லது 3.5 போதும், 'வலுவாக இருக்கட்டும்' என்று 5ஐ எடுப்பதும் தவறுதான். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு, பொடியும் பருமனும் கலந்த கழுவிய மணல். இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைக் கையால் சுரண்டி, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே புதியதை அழுத்தி நிரப்ப வேண்டும். பல நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலையே கூடாது. புதுச் சாந்து உறைபனியில் பொடிந்துவிடும்.

மதில் உச்சிக்குக் கான்கிரீட் மூடி போடுவதும் இதே கதைதான். அது விரிசல் விடும், விரிசலில் இறங்கிய நீர் வெளியேற வழியிருக்காது. உச்சிக் கற்களைச் சரிவாகப் பதித்து, மேலே 10-15 செ.மீ. மண்ணும் புல்லும் பரப்புவது நல்லது. மரக்கன்று முளைத்தால் ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும்.

மதிலைப் பற்றிப் படரும் ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் உள்நிரப்பு வரை போயிருந்தால் கல்லும் சேர்ந்து வரும். அடித்தண்டில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டு, கொடி காய்ந்த பிறகு சிறிது சிறிதாகக் கழற்ற வேண்டும்.

கீழே கிடக்கும் கற்குவியலை 'சுத்தம்' செய்வதும் இழப்புதான். எந்தக் கல் எங்கே விழுந்தது என்பதே கோபுரம் சரிந்த விதத்துக்குச் சான்று. புகைப்படமும் அளவும் எடுக்காமல் ஒன்றையும் நகர்த்தக் கூடாது. புதைபொருள் தேட உலோகம் காட்டும் கருவியைக் கொண்டுபோக பிரான்சில் அரசு அனுமதி வேண்டும்.

மீண்டும் கட்டிவிடலாமே என்பார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுயூக், இடிந்து கிடந்த பியர்ஃபோன் கோட்டையை 1857 முதல் அப்படித்தான் எழுப்பினார். அதில் இடைக்காலம் எவ்வளவு, அவர் கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அவரே கூசியில் 1692 நிலநடுக்கத்தில் பிளந்த கோபுரத்துக்கு இரும்பு வளையம் பூட்டி, கூரை போட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் பார்வையில் இரண்டாவதே சரி. தகர்க்கப்பட்ட பின்னும் கூசியின் நடுக்கோபுரத்தை யாரும் திரும்ப எழுப்பவில்லை.

கூசி 1862 முதல் பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு இடுக்கை நிரப்பக்கூட வட்டார அரசுப் பிரதிநிதியின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.