பயோ மீடியாவைப் பளிச்சென்று கழுவாதீர்கள்

மாதக்கணக்கில் நன்றாக ஓடிய மீன்தொட்டி, ஃபில்டரைச் சுத்தம் செய்த இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். பெரும்பாலும் அது நோயல்ல. ஃபில்டருக்குள் பாக்டீரியா தங்குவதற்காக வைக்கும் செராமிக் வளையங்களை, அதாவது பயோ மீடியாவை, குழாயடியில் தேய்த்துக் கழுவியதன் விளைவு.

வளையத்தில் வழுவழுப்பாக ஒட்டியிருப்பது அழுக்கல்ல, பாக்டீரியா. மீன் செவுள் வழியே விடும் அம்மோனியாவை அது முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்த பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகும். அதனால்தான் புதுத் தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரம் பிடிக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் அத்தனை வார உழைப்பும் வீண்.

தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, மீடியாவை வலைப்பையோடு நாலைந்து முறை அலசுங்கள். தளர்ந்த சேறு போனால் போதும், வளையம் பழுப்பாகவே இருக்கட்டும். நாள் குறித்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் வரத்து குறையும்போது கழுவலாம். முன்னால் இருக்கும் ஸ்பாஞ்சை மட்டும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிழியலாம். ஸ்பாஞ்சையும் வளையத்தையும் ஒரே நாளில் தொடாதீர்கள். மீடியா உடைந்து மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அடுத்த பங்குக்கு ஒரு மாதம் பொறுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பரப்பளவு சதுர மீட்டர் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். நுண்துளைகள் சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளே ஆக்சிஜன் போகாது, அந்தப் பரப்பு இருந்தும் பயனில்லை. அங்குலத்துக்கு 20 முதல் 30 துளை உள்ள சாதாரண ஸ்பாஞ்ச் பல தொட்டிகளுக்குத் தாராளம். பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டை, மேலிருந்து தண்ணீர் சொட்டும் அமைப்புக்காக வந்தது. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரான கேனிஸ்டரில் மூழ்கடித்தால் இடம்தான் வீண். எந்த மீடியாவானாலும் ஸ்பாஞ்சைக் கடந்த பிறகே தண்ணீர் அதைத் தொட வேண்டும். பல கேனிஸ்டர்களில் தண்ணீர் கீழிருந்து ஏறுவதால் ஸ்பாஞ்ச் அடித்தட்டில் இருக்க வேண்டும், தொட்டியின் மேல் வைக்கும் டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து இறங்குவதால் மேலே.

ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுபவர்கள் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது பிஹெச் சரியாமல் தாங்கும் காரத்தன்மையை, கவனியுங்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியா சுமார் 7 கிராம் காரத்தன்மையை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவழிக்கிறது. அது தீர்ந்தால் பிஹெச் சரிந்து பாக்டீரியா முடங்கிவிடும். ஆர்ஓவோடு கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தாலே சரியாகிவிடும்.

மின்வெட்டு இன்னொரு ஆபத்து. மூடிய கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டியில் கொட்டும். முதலில் அதை வெளியே ஊற்றிவிட்டு மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். நீண்ட மின்வெட்டு என்று தெரிந்தால் மீடியாவை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு, பேட்டரி ஏர் பம்ப் வையுங்கள்.

ஏற்கெனவே கழுவிக் கெடுத்துவிட்டால் தீவனத்தை நிறுத்துங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டும்வரை தினமும் கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கியபின், மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.